காற்றுப் பட்டதும் தீப்பிடித்த திரவம்!

2008-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். அங்குள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரசாயன சோதனைச்சாலை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக் காலம். 23 வயது இளம் பெண் ஒருவர் அங்கே வேலை செய்து கொண்டிருந்தார். ஊசிக்குழலால் ஒரு திரவத்தை உறிஞ்சி எடுத்தார். டெர்ட் பியூட்டைல் லித்தியம் என்பது அதன் பெயர். அதைப் பற்ற வைக்க நெருப்புக்குச்சி வேண்டாம். காற்றுப் பட்டாலே போதும். எரியத் தொடங்கிவிடும்!

திடீரென்று குழலின் தண்டு கழன்று வந்துவிட்டது. திரவம் சிதறியது. குபீர் என்று தீ எழுந்தது. கையில் பற்றியது, உடையில் பற்றியது.

அவர் அணிந்திருந்தது செயற்கை நூல் ஸ்வெட்டர். அது மளமளவென்று எரிந்தது. அதன் மேலே போட வேண்டிய பாதுகாப்பு அங்கி இல்லை. ஓடி வந்த சக ஊழியர் தம் அங்கியால் தீயை அணைக்கப் பார்த்தார். அவசரத்துக்கு என்றே பொருத்திய குளியல் குழாய் பக்கத்திலேயே இருந்தது. அதை யாரும் திறக்கவில்லை.

உடம்பில் 40 சதவிகிதத்துக்கு மேல் தீக்காயம். 18 நாள் உயிருக்குப் போராடினார். 2009-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி இறந்து போனார். சட்டம் படித்து வக்கீல் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை.

முன்பே தெரிந்த குறை

விபத்துக்கு இரண்டு மாதம் முன்பு அதே சோதனைச்சாலையைப் பார்வையிட்டவர்கள் ஒரு குறையைக் குறித்து வைத்திருந்தார்கள். “இங்கு வேலை செய்பவர்கள் அங்கி அணிவதில்லை” என்பதே அது. குறை காகிதத்தில் ஏறியது. ஆனால் அங்கி ஆள் மேல் ஏறவில்லை!

2011-ல் வழக்கு வந்தது. 2012-ல் பல்கலைக்கழகம் பாதுகாப்பு முறைகளைப் பலப்படுத்த ஒப்புக் கொண்டது. அந்தப் பெண்ணின் பெயரால் சட்ட மாணவர்களுக்கு 5 லட்சம் டாலர் உதவி நிதியும் ஏற்பட்டது. நிதி வந்தது. பெண் வரவில்லை.

கல்லூரி என்ன செய்ய வேண்டும்?

ஆபத்து சொல்லிக் கொண்டு வராது. ஆகவே திட்டம் அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

முதல் வேலை கணக்கு. எந்த அறையில் என்ன ரசாயனம், எவ்வளவு என்று பட்டியல் வேண்டும். அதில் ஒரு பிரதி தீயணைப்புப் படையிடமும் இருக்க வேண்டும். ஏன்? சோடியம் என்ற உலோகம் தண்ணீர் பட்டால் வெடிக்கும். அது தெரியாமல் அந்த அறைக்குள் தண்ணீரைப் பீய்ச்சினால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் கதவிலேயே வைர வடிவ அடையாளம் ஒட்டுகிறார்கள். அதில் நான்கு கட்டங்கள். நீலம் உடல்நலக் கேட்டைக் காட்டும். சிவப்பு தீயைக் காட்டும். மஞ்சள், வெடித்துச் சிதறும் குணத்தைக் காட்டும். வெள்ளைக் கட்டம் தனி எச்சரிக்கைக்கு உரியது. வண்ணக் கட்டங்களில் 0 முதல் 4 வரை எண் இருக்கும். 4 என்றால் மிகக் கொடியது!

இரண்டாவது, பகையாளிகளைப் பிரித்து வைப்பது. நைட்ரிக் அமிலமும் எரிசாராயமும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது. வீட்டிலும் இதே கதைதான். துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவத்தையும் கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் என்ற நச்சுப் புகை கிளம்பும்.

மூன்றாவது, தண்ணீர். கண்ணில் ரசாயனம் தெறித்தால் உடனே 15 நிமிடம் கழுவ வேண்டும். உடையில் தீப்பற்றினால் யோசனையே கூடாது. நேரே குளியல் குழாயின் கீழே நிற்க வேண்டும். அதன் அடியில் பெட்டிகளை அடுக்கி வைத்தால் குழாய் இருந்தும் பயன் இல்லை.

நான்காவது, ஒத்திகை. மணி அடித்தால் எந்த வழியாக வெளியேறுவது, எங்கே கூடுவது, தலைகளை எண்ணுவது யார்? இவை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். விஷவாயு கசிந்தால் காற்று அடிக்கும் திசையில் ஓடக் கூடாது. வாயுவும் கூடவே வரும்!

டெல்லியில் நடந்தது

பழைய பொருளிலும் ஆபத்து உண்டு. டெல்லி பல்கலைக்கழக ரசாயனத் துறையில் பல ஆண்டுகளாக ஒரு கருவி சும்மா கிடந்தது. 2010-ம் ஆண்டு பிப்ரவரியில் அது ஏலத்தில் போயிற்று. மாயாபுரி பழைய இரும்புக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதை உடைத்தவர்களுக்கு உள்ளே இருந்தது கோபால்ட்-60 என்று தெரியாது. அதன் கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது. பலர் நோயில் விழுந்தார்கள். ஏப்ரல் மாதம் ஒருவர் உயிர் இழந்தார்.

கல்லூரியின் அசட்டை, கல்லூரி வாசலைத் தாண்டாதவரின் உயிரைக் குடித்துவிட்டது!

மகனோ மகளோ விஞ்ஞானம் படிக்கப் போனால் பெற்றோர் மார்க்கைப் பற்றிக் கேட்கிறார்கள். இன்னும் ஒன்றும் கேட்கலாம்: “சோதனைச்சாலையில் அவசரக் குழாய் எங்கே இருக்கிறது?” பிள்ளை யோசிக்காமல் பதில் சொன்னால் நிம்மதி. தெரியாது என்றால், மறுநாளே தெரிந்துகொண்டு வரச் சொல்ல வேண்டும்.