கோளாறு தொண்டையிலா, குமிழிலா?

எங்கள் தெருப் பெண்கள் வெள்ளிக்கிழமை தோறும் கூடிப் பஜனை செய்வது வழக்கம். நாலு மைக், ஒரு ஸ்பீக்கர், நடுவில் ஒரு சின்ன மிக்ஸர். மிக்ஸர் என்றதும் ஓமப்பொடியும் காராபூந்தியும் உங்கள் நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல! மைக்குகளில் வரும் ஒலிகளைக் கூட்டியும் குறைத்தும் ஒன்றாகக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி இது.

பஜனைக்கு வரும் பாட்டி ஒருவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அவர் பாடும்போது யாராவது ஒலியைக் கூட்டினால் போதும், 'கரகர'வென்று சத்தம் கிளம்பும். "பாட்டிக்குத் தொண்டை போயிடுத்து" என்று பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு. பாட்டியின் காதில் அது விழாமலா இருக்கும்? அடுத்த வாரம் மைக்கைத் தொடவே மறுத்துவிட்டார்.

எனக்குச் சந்தேகம். எல்லாரும் போன பிறகு, பாட்டி பாடிய மைக்கை வேறொரு குமிழுக்கு மாற்றிப் பார்த்தேன். ஒலி சுத்தமாக வந்தது. பழைய குமிழில் வேறு மைக்கைச் செருகி, பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணைப் பேசச் சொல்லிக்கொண்டே திருகினேன். கரகர! அவளுக்கு வயது பத்தொன்பது.

அந்தக் குமிழுக்கு அடியில் என்ன இருக்கிறது தெரியுமா? குதிரை லாடம் போல வளைந்த ஒரு கரிப் பாதை. அதன்மேல் சின்ன உலோக நாக்கு ஒன்று உராய்ந்தபடி ஓடும். அது நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி கூடும், குறையும். பாதையில் அழுக்கு சேர்ந்தால் நாக்குக்கும் பாதைக்கும் உள்ள தொடர்பு விட்டு விட்டு வரும். கரகரப்பு அதுதான். மேலும் கீழும் தள்ளுகிற ஃபேடரில் பாதை நேராக இருக்கும், அவ்வளவே. ஆனால் அதற்கு நீளமான வாய். தூசி, ஊதுபத்திச் சாம்பல், சிந்திய காபி எல்லாம் உள்ளே போகும். ஸ்விட்சுகளின் கதை வேறு. பலவற்றின் முனைகளில் வெள்ளி முலாம் உண்டு. உங்கள் வெள்ளிக் குங்குமச் சிமிழ் அலமாரியில் இருந்தபடியே கறுத்துப் போகிறதல்லவா? அதே கறுப்புத்தான் இங்கேயும்.

பழுது பார்க்க வந்தவர், "புதுப்பெட்டி வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவசரப்படாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குமிழை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை இருபது முப்பது தடவை திருகுங்கள். ஸ்விட்சையும் அப்படியே அழுத்தி அழுத்தி விடுங்கள். பல சமயம் இதிலேயே பாதி குணம் தெரியும். போதவில்லையென்றால் 'கான்டாக்ட் கிளீனர்' என்னும் தெளிப்பான் வேண்டும். அமெரிக்காவின் கெய்க் கம்பெனி 'டியாக்ஸிட்' என்ற பெயரில் உலோக முனைகளுக்கு டி5, ஃபேடர்களுக்கு எஃப்5 என்று தனித்தனியாகவே விற்கிறது. ஃபேடருக்குள் அது வழுக்கி ஓடுவதற்கென்று ஒரு பசை இருக்கிறது. கடுமையான திரவம் அதைக் கழுவிவிடும்.

குமிழின் தலைமேல் தெளித்தால் மருந்து உள்ளே சேராது. பெட்டியைத் திறந்தால், குமிழின் மூன்று கால்களுக்கு அருகே சிறு இடைவெளி தெரியும். தெரிந்தவரை வைத்துத் திறக்கச் சொல்லி, அங்கே ஒரே ஒரு பீச்சு, மறுபடி திருகல், நன்றாக உலர்ந்த பிறகே மின்சாரம். பக்கத்தில் விளக்கோ கற்பூரமோ எரியக்கூடாது. இப்படிப்பட்ட தெளிப்பான்களில் பல தீப்பற்றும்.

தேங்காய் எண்ணெய் விடலாமா என்று ஒரு மாமி கேட்டார். வேண்டவே வேண்டாம்! அது தூசியைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளும். துருவுக்குப் போடும் டபிள்யூ.டி-40யும் இதற்குச் சரிப்படாது. 1953இல் சான்டியாகோவில் அதை உருவாக்கியது உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டத்தான். பெயரில் உள்ள 40, நாற்பதாவது முயற்சியைக் குறிக்கிறது.

குமிழைத் தொடாமலே கரகரத்தால் குற்றம் வயரிலோ பற்றவைப்பிலோ இருக்கலாம். சுத்தம் செய்தும் போகவில்லையென்றால் கரிப்பாதை தேய்ந்திருக்கும். அல்லது உள்ளே ஒரு கபாசிட்டர் கசிகிறது. அப்போதுகூட அந்த ஒரு பாகத்தை மாற்றினால் போதும்.

எங்கள் குமிழுக்கு ஒரே பீச்சு போதுமாக இருந்தது. மறு வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னேன், பாட்டி நம்பவில்லை. குமிழை அவர் கையிலேயே கொடுத்தேன். இரண்டு தரம் திருகிப் பார்த்தார். சத்தமில்லை. மைக்கை எடுத்துக்கொண்டு பின்வரிசைப் பக்கம் திரும்பினார்.

"என்னடீ, எனக்குத் தொண்டை சரியாயிடுத்தா?"