நிலமில்லாதவரின் வக்பு

வக்பு என்னும் அரபுச் சொல் நிறுத்தி வைத்தலைக் குறிக்கும். நிலத்தையோ கடையையோ ஒருவர் அறத்துக்கென விட்டுவிட்டால், பின்னர் அதனை விற்றலாகாது. வாரிசுகள் பங்கிடலும் ஆகாது. வருவாய் மட்டுமே ஏழைக்கும் மாணவனுக்கும் பள்ளிவாசலுக்கும் செல்லும். கலீபா உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை இவ்வாறே விட்டார்கள்.

இலங்கையில் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் இவ்வறத்தை வக்பு சபையின் மேற்பார்வையில் வைத்தது. பொறுப்பாளர் கணக்குக் காட்டல் வேண்டும்.

ஆனால் தமக்கு உரிமையானதையே ஒருவர் வக்பு செய்யலாம். மாவனெல்லையிலோ பலாங்கொடையிலோ கடை வைத்திருக்கும் வணிகருக்கு அது எளிது. சப்ரகமுவைத் தோட்டங்களின் லயங்களில் தலைமுறைகளாக வாழும் தொழிலாளிக்கோ, படுத்துறங்கும் அறையும் பெரும்பாலும் சொந்தமன்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தங்கள் தோட்டங்களைக் கைமாற்றினவேயன்றி அவ்வறையை அவருக்கு உரிமையாக்கவில்லை. அவர் என்றும் பெறுபவராகவே இருத்தல் வேண்டுமோ?

16ஆம் நூற்றாண்டில் உதுமானியர் பணத்தையே முதலாக நிறுத்தி, அதன் ஆதாயத்தை அறத்துக்குச் செலவிட்டனர். இதில் வட்டி கலக்கும் என்று பிர்கிவீ என்ற அறிஞர் கடிந்தார். தலைமை முப்தி அபுஸ்ஸுஊத் ஏற்றுக்கொண்டார். பிர்கிவீயின் ஐயம் அற்பமானதன்று. எனினும் வட்டியை விலக்கி, இலாபநட்டப் பங்கில் முதலிட்டால், நாட்கூலியிலிருந்து எடுத்துவைத்த நூறு ரூபாயும் வக்பாக நிற்கும். அந்த நூறு ரூபாய்க்கும் ஊர்க் கடைவாடகைக்குக் காட்டும் அதே கணக்கைப் பொறுப்பாளர் காட்டல் வேண்டும்.