விசுவமடு மண்ணும் பயிரின் உணவும்

இலக்கணம் கற்பிக்கும் எமக்கு மண்ணியலில் என்ன வேலை என்று பழைய மாணவ நண்பர்கள் வினவலாம். விசுவமடுவில் வாழ்பவர் மண்ணோடு உறவின்றி இருத்தல் இயலாது. ஆதலின் சில சொல்லத் துணிந்தோம்.

எம்மூர் மேட்டு நிலம் பெரும்பாலும் செங்கபில மண். மழையில் ஒட்டும், காய்ந்தால் மண்வெட்டியைத் திருப்பி அனுப்பும். வெப்பத்தில் இலைகுழை விரைந்து உக்கி மறைவதால் இதில் நைதரசன் குறைவு. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் குழை தாழ்த்தியதும், மாட்டுப்பட்டி அடைத்ததும் இத்தகைய குறையை நிரப்பவே.

நைதரசன் குறைந்தால் முதிர்ந்த இலை முதலில் மஞ்சளாகும். செடி அதிலிருந்து எடுத்துத் தளிருக்கு ஊட்டுவதே காரணம். இரும்பு அவ்வாறு எளிதில் நகராது. அது குறையின் தளிரே வெளிறும், நரம்பு மட்டும் பச்சையாய் நிற்கும். இவ்வேறுபாடு அறியாதார் மஞ்சள் கண்ட இடமெல்லாம் யூரியா வீசுவர்.

யாமும் அவ்வினத்தவரே. ஒரு கோடையில் எம் வளவு மிளகாய்க் காய்களின் நுனி கறுத்து அழுகிற்று. நோயென்று மருந்து தெளித்தோம், யூரியாவும் இட்டோம், கேடு மிகுந்தது. அது கல்சியக் குறை. மண்ணில் கல்சியம் இல்லாமலன்று. அது நீரோட்டத்தோடுதான் செடியில் ஏறும். ஒருநாள் வெள்ளமும் நான்கு நாள் வறட்சியுமாக யாம் நீர் இறைத்தமையால் காய்க்கு எட்டவில்லை. யூரியாவோ இலையைப் பெருக்கி, வந்ததையும் அவ்விலைக்கே கொடுத்தது. ஒழுங்காக நீர் விட்டபின் புதுக்காய்கள் நலமாயின. கச்சானின் செய்தி இன்னும் வியப்பானது: மண்ணுள் இறங்கிய காய் தனக்கு வேண்டிய கல்சியத்தை வேரை நம்பாது தன் தோலாலேயே உறிஞ்சும். கிடையாவிடின் கோதுண்டு, பருப்பிராது.

மிகக் குறைந்துள்ள சத்தே விளைவை வரையறுக்கும் என்பது ஜேர்மானிய அறிஞர் லீபிக் 19ஆம் நூற்றாண்டிற் பரப்பிய விதி. உப்பில்லாக் கறிக்குப் புளியை இரட்டிப்பதால் ஆவதென்ன?

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீங்கியது; எனினும் அடுத்த பெரும்போக நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. சாணமும் குழையும் நல்லனவே. ஆயின் ஒரு கிலோ யூரியாவிலுள்ள 460 கிராம் நைதரசனைப் பெற உலர்ந்த எரு ஏறத்தாழ 30 கிலோ வேண்டும். அதுவும் மெல்லவே வெளிப்படும். ஊர் முழுவதற்கும் அத்தனை எருவை ஒரே போகத்தில் எங்கே தேடுவது?

மண்ணைச் சோதிப்பிக்க விரும்புவோர் ஓரிடத்தில் மட்டும் அள்ளாது, பல இடங்களில் அரை அடி ஆழம்வரை எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அளவில் கொடுப்பாராக. பசளை இட்ட அண்மையில் எடுத்தல் ஆகாது.