நியூஜெர்சியில் நடுராத்திரிப் பசி

மகன் வீட்டுக்கு நியூஜெர்சி போன அப்பா, வந்த அன்றே ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து சத்தமில்லாமல் ஃபிரிட்ஜைத் திறக்கிறார். கோடைக் காலமென்றால் சென்னையில் அப்போது பகல் பன்னிரண்டரை, சாப்பாட்டு நேரம். முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கு அவர் சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்ததும் இதே கணக்குதான். ஊரில் அது விடியற்காலை மூன்றரை.

இதுதான் ஜெட்லாக். பயணக் களைப்பு வேறு. லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குப் பதினோரு மணி நேரம் பறந்தாலும் கடிகாரத்தில் மாறுவது ஒன்றிரண்டு மணிதான். உடம்பு வலிக்கும், ஒரு நல்ல தூக்கத்தில் போய்விடும். கிழக்கு மேற்காகப் பறக்கும்போதுதான் தொல்லை.

மூளையில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 செல்கள் கொண்ட ஒரு சிறு கொத்து இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். எப்போது தூக்கம், எப்போது பசி, எப்போது உடல் சூடு குறையவேண்டும் என்பதையெல்லாம் அது முறைவைத்து நடத்துகிறது. இந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாகவே ஓடும். அந்தப் பிசகைத் தினமும் சரிசெய்வது கண்ணில் படும் வெளிச்சம். நாளை நீட்டுவது கடிகாரத்துக்குச் சுலபம், சுருக்குவது கஷ்டம். அதனால்தான் மேற்கே போனால் நாளுக்கு ஒன்றரை மணி நேரம்போல உடம்பு இறங்கி வருகிறது. கிழக்கே போனால் ஒரு மணி நேரம் நகர்வதே பெரிது.

“போனதும் வெயிலில் நில், சரியாகிவிடும்” என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. எந்த நேரத்து வெயில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தினமும் விழிக்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பு உடல் சூடு மிகவும் குறையும். ஆறு மணிக்கு எழுபவருக்கு அது நாலு மணி. அதுதான் எல்லைக்கோடு. அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் படும் வெளிச்சம் உடல் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும்; பிந்தைய சில மணி நேரத்தில் படுவது முன்னுக்கு இழுக்கும்.

நம் அப்பாவின் நாலு மணி, நியூஜெர்சியில் மாலை ஆறரை. மேற்கே போனவருக்குக் கடிகாரம் பின்னே போகவேண்டும். ஆகவே மதியம் தொடங்கி ஆறு மணி வரை வெளியே நடக்கட்டும், பேரனோடு பார்க்கில் உட்காரட்டும். ஆறரைக்குப் பிறகு வீட்டில் மங்கலான விளக்கு போதும். கோடையில் அங்கே எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதால் திரைச்சீலையை இழுத்துவிடுவது நல்லது. மறுநாளிலிருந்து இந்தக் கோட்டை ஒரு மணி, ஒன்றரை மணி என்று தள்ளிக்கொண்டே போகலாம்.

ஊர் திரும்பும்போதுதான் பலரும் தவறு செய்கிறார்கள். இப்போது அவர் உடம்பு நியூஜெர்சிக்காரர் ஆகிவிட்டது. அந்த நாலு மணி சென்னையில் பகல் ஒன்றரை. வந்திறங்கிய மறுநாள் காலை ஏழு மணிக்கு மெரினாவில் வாக்கிங் போனால், முன்னே வரவேண்டிய கடிகாரம் பின்னே நகரும். முதல் ஓரிரு நாள் காலையில் வீட்டுக்குள்ளேயே இருந்து, வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒன்றரைக்குப் பிறகு வெளிச்சத்துக்கு வரவேண்டும். நம்ம ஊர் மத்தியான வெயிலில் நிற்கவேண்டியதில்லை. நிழலான திண்ணையே போதும். இந்தமுறை கோடு நாளுக்கு ஒரு மணி நேரம் முன்னே வரும். நேர வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது சிலர் உடம்பு சுற்றுவழியில் எதிர்த்திசையிலேயே நகர்ந்து சேர்வதும் உண்டு. அவர்களுக்கு நாள் கூடும்.

பகலில் கண் சொக்கினால் அரைமணி தூங்கலாம், அலாரம் வைத்துக்கொண்டு. ஃபில்டர் காபி காலையில் தாராளமாக. மாலையில் குடித்த காபியில் பாதி, ஐந்தாறு மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். விமானத்தில் மது தூக்கத்தைக் கொண்டுவருவதுபோல் வந்து நடுவில் கலைத்துவிடும். மெலடோனின் மாத்திரை அமெரிக்கக் கடைகளில் சத்து மாத்திரைபோலக் கிடைக்கிறது. சரியான நேரத்தில் சிறு அளவு உதவும். ஆனால் ரத்தம் உறையாமலிருக்கவோ வலிப்புக்கோ மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. இன்சுலின் போடுகிறவர்களும் எந்த ஊர் நேரப்படி போடுவது என்பதைக் கிளம்புமுன்பே எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும்.

இரண்டு மூன்று நாள் வேலையாகப் போய்த் திரும்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். சென்னை நேரத்திலேயே இருந்துவிட்டு, மீட்டிங்கை மட்டும் அங்கே காலையில் வைத்துக்கொண்டால் சமாளித்துவிடலாம்.