புதியவன் பெயர் தாங்கிய ஆட்டம்

வல்லவனுக்குச் சலிப்பும் புதியவனுக்கு அவமானமும் நேராதபடி ஓர் ஆட்டத்தின் விதிகளை வகுப்பது எப்படி என்று, கைப்பேசியிலும் கணினியிலும் குழுவாகச் சேர்ந்து சுடும் விளையாட்டுகளை ஆக்குவோர் இன்று மண்டையைக் குழப்பிக்கொள்கிறார்கள். இந்தக் கேள்விக்கு 140 ஆண்டுகளுக்கு முன்பே நமது நீலகிரியில், ஒரு கிளப்பின் சுவரில், விடை எழுதி ஒட்டியிருந்தார்கள் என்றால் வாசகர் வியக்கக்கூடும்.

1875-ஆம் ஆண்டு ஜபல்பூரில், மழையினால் வெளியே போக வழியின்றி ராணுவ விடுதியில் அடைபட்டிருந்த நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி (இதே பெயர் கொண்ட பிற்காலத்துப் பிரிட்டிஷ் பிரதமர் வேறு ஒருவர்), 15 சிவப்புப் பந்துகளோடு வேறு நிறப் பந்துகளையும் சேர்த்து பில்லியர்ட்ஸ் மேஜையில் ஒரு புது ஆட்டம் கண்டார். குழியருகே கிடந்த பந்தைத் தவறவிட்ட தோழர் ஒருவரை, ராணுவக் கல்லூரியில் முதலாண்டு மாணவனைக் கேலி செய்ய வழங்கிய 'ஸ்னூக்கர்' என்ற சொல்லால் அழைத்துவிட்டு, அவர் முகம் வாடியது கண்டு, இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்னூக்கர்கள்தாம் என்று சமாதானம் சொன்னதாகப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்தார். பெயர் நிலைத்தது. சென்னை ராணுவத்தின் தளபதி பிரெடரிக் ராபர்ட்ஸிடம் பணிபுரிந்து அவர் உதகைக்கு வந்த காலத்தில், 1882-இல், விதிகள் ஒழுங்குபெற்று ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் இடம்பெற்றன.

அவ்விதிகளின் சூட்சுமம் யாதெனில், எளிய காரியத்துக்கும் அரிய காரியத்துக்கும் ஒரே மேஜையில் இடம் வைத்ததே. இன்றைய கணக்கில் சிவப்புக்கு 1 புள்ளி. அதை வீழ்த்திய பிறகே மஞ்சளின் 2 முதல் கறுப்பின் 7 வரை எதையேனும் நாடலாம். புதியவன் ஒரு சிவப்பில் திருப்தியடைய, வல்லவனோ கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்தை அடுத்த பந்துக்கு வாகாக நிறுத்தும் வித்தையில் ஆயுளைச் செலவிடலாம். ஒரே முறையில் தொடர்ந்து ஈட்டும் அந்தச் சாதனையின் வழக்கமான உச்சம் 147 புள்ளி. அதுமட்டுமன்று: பந்தை வீழ்த்தத் தெரியாதவனும், வெள்ளைப் பந்தை மற்றொன்றின் பின்னே மறைத்து எதிரியைத் தவறிழைக்கச் செய்தால், இன்றைய விதிப்படி குறைந்தது 4 புள்ளி பெறுகிறான்.

சுடும் விளையாட்டுகளும் இந்த உண்மையையே சுற்றிவந்து கண்டடைந்தன. 2016-இல் வெளியான ஓவர்வாட்ச் என்ற விளையாட்டில் மெர்சி என்ற பாத்திரம், குறிபார்க்கும் சாமர்த்தியம் அதிகம் வேண்டாமலே தோழரின் காயத்தை ஆற்றும். ஆனால் மாண்ட தோழர் பலரை ஒரே கணத்தில் எழுப்பும் அவளது சக்தி, எதிரணியார் அரும்பாடுபட்டுப் பெற்ற வெற்றியை அர்த்தமற்றதாக்கியபடியால், 2017-இல் ஒருவரை மட்டுமே எழுப்புவதாகக் குறைக்கப்பட்டது. எளியவனுக்குச் செய்யத்தக்க வேலை தரலாம். வல்லவனின் உழைப்பை அழிக்கும் வரம் தரலாகாது என்பதே இதன் தாத்பரியம்.

குன்னூர் பஸ்ஸில் கைப்பேசியும் கையுமாக அமர்ந்து, சுடும் விளையாட்டில் வீழ்ந்ததும் "நாக் ஆயிட்டேன்டா, ரிவைவ் பண்ணு!" என்று கூவும் பையனுக்கு, சுடத் தெரியாவிட்டாலும் அவனை எழுப்பிவிடும் தோழனே அக்கணத்தில் ஆபத்பாந்தவன். ஜபல்பூரில் கற்றுக்குட்டியைக் குறித்த அந்தக் கேலிச் சொல்லும் இப்படித்தான் உயர்ந்தது: குறிவைக்க வழியின்றி, மறைக்கும் பந்தின் பின்னே வல்லவனே அகப்பட்டு விழிக்கும் நிலைக்கு இன்று 'ஸ்னூக்கர்' என்றே பெயர்.