நீருள் நிறுக்கும் படிகம்

கச்சேரி தொடங்குமுன் மிருதங்க வித்துவான் இடப்பக்கத் தொப்பியின் நடுவே குழைத்த ரவையை அப்புவதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். அப்பியதும் அப்பக்கத்தின் சுருதி தாழ்ந்து கம்பீரமாக ஒலிக்கின்றது. ரவை கூடினால் நாதம் இன்னும் இறங்கும்; சிறிது கிள்ளி எடுத்தால் ஏறும். ஒட்டியுள்ள ரவை எவ்வளவு என்பதை அறிய வித்துவானுக்குத் தராசு வேண்டியதில்லை, செவியே போதும். இவ்வுபாயத்தைக் கொண்டே இன்றைய விஞ்ஞானிகள் கண்ணுக்குப் புலப்படாத புரத மூலக்கூறுகளை நிறுக்கின்றனர். அவர்தம் மிருதங்கம் ஒரு குவாட்சுப் படிகம்.

1880ஆம் ஆண்டில் பிரெஞ்சுச் சகோதரர்களான யாக் கியூரி, பியேர் கியூரி ஆகிய இருவரும், படிகத்தை அமுக்கும்போது அதன் முகங்களில் மின்னேற்றம் தோன்றக் கண்டனர். (பின்னாளில் மேரி அம்மையாரின் கணவராகப் புகழ்பெற்ற பியேர் இவரேதான்.) மறுதலையாக, மின்னைச் செலுத்தினால் படிகம் உருத்திரியும், திசை மாறி மாறி ஓடும் மின்னைச் செலுத்தினால் தனக்கேயுரிய மீடிறனில் ஓயாது அதிரும். குறித்தவொரு சாய்வில் வெட்டிய, மில்லிமீற்றரில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு தடிப்புள்ள வில்லையொன்று, செக்கனுக்கு 50 இலட்சம் தடவை அதிர்கின்றது.

வில்லையின்மேல் படியும் திணிவுக்கு நேர்விகிதமாக அதன் மீடிறன் குறையும் என்பதை 1959இல் ஜேர்மானியரான சௌவர்பிரை நிறுவினார். சதுர சென்ரிமீற்றருக்கு 17.7 நனோகிராம் படிந்தால், மேற்சொன்ன வில்லை செக்கனுக்கு ஓர் அதிர்வை இழக்கும். நனோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு! ஆயின் அவர் நிறுத்தவை மெல்லிய, விறைத்த படலங்கள். புரதங்களோ நீரிலே தொழிற்படுவன. அதிரும் வில்லையை நீருள் அமிழ்த்தினால் அது மூச்சடைத்து நின்றுவிடாதா என்ற ஐயம் நெடுங்காலம் நிலவியது.

ஐயத்தின் விடை, வில்லை அதிரும் விதத்திலேயே இருக்கின்றது. குளத்து நீரில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தால் அலைகள் எங்கும் பரந்து செல்கின்றன. அதே கையை நீர்ப்பரப்பை ஒட்டியவாறு முன்னும் பின்னும் மெல்ல வழுக்கினால், கையைத் தொட்ட நீர் மட்டுமே கூடவே அசையும். நம் வில்லை அறைவதில்லை, வழுக்குகின்றது. ஆகவே அதன் அசைவு நீருக்குள் மில்லிமீற்றரின் நாலாயிரத்தில் ஒரு பங்கு தூரம் வரைதான் செல்லும். 1985இல் அமெரிக்காவிலே கனசாவா, கோர்டன் என்போர் இதைச் சமன்பாடாக எழுதிக்காட்டினர். ஒரு முகத்தை நீர் தொட்டால் மீடிறன் 700 அளவில் குறையும். அதற்குமேல் அதிர்வு ஓய்ந்துவிடாது. நீரின் பாகுநிலை வெப்பத்தோடு மாறுவதால், ஒரு பாகை வெப்பம் ஏறினாலே சில அதிர்வுகள் பிசகும் என்பது ஆய்வுகூடத்தில் தலைவலி தரும் சங்கதி.

இனிப் பொன் பூசிய முகத்தின்மேல் குறித்தவொரு புரதத்தை மட்டும் பற்றவல்ல பிறபொருளெதிரிகளைப் பதித்துவிட்டால், அப்புரதம் வந்து பற்றப் பற்றச் சுருதி இறங்கும். சாயமேற்றவோ கதிர்வீசும் அணுவை ஒட்டவோ தேவையில்லை. பிணைப்பு நிகழும் கணத்திலேயே அதைக் காணலாம். இதுவே இக்கருவியின் தனிச்சிறப்பு.

ஒரு துளி இரத்தத்தில் சகல நோய்களையும் கண்டுவிடலாம் என்று அவ்வப்போது எழும் ஆரவாரத்தை மட்டும் நான் நம்புவதில்லை. படிகத்துக்குப் பாரந்தான் தெரியும், ஆள் தெரியாது. ஒரு லீற்றர் இரத்தத் தெளிநீரில் அல்புமின் என்னும் புரதம் 40 கிராம் அளவில் உள்ளது. மாரடைப்பின் தொடக்கத்திலே தேடப்படும் துரோபோனினோ சில பத்து நனோகிராம்தான் இருக்கக்கூடும். நூறு கோடி பேர் நெரியும் திருவிழாவில் ஒருவரைத் தேடுவது போன்ற வேலை இது. பிறபொருளெதிரிக்குப் பிடிபடாத அல்புமினும் பொன்மீது சும்மா வந்து ஒட்டிக்கொண்டு மீடிறனைக் குறைத்துவிடும். இதற்காகவே, பிறபொருளெதிரி இல்லாத இன்னொரு வில்லையைப் பக்கத்தில் வைத்து, இரண்டின் வேறுபாட்டைக் கணிக்கின்றனர். புரதம் ஒட்டாத பூச்சுக்களையும் இடுகின்றனர். முற்றாக வென்றுவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை.

புரதத்தோடு ஒட்டிவந்த நீரையும் சேர்த்தா இது நிறுக்கின்றது என்று கூர்மையான மாணவர் கேட்கலாம். ஆம், சேர்த்தே நிறுக்கின்றது. இதற்கோர் உபாயத்தை 1990களில் சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தார் வகுத்தனர். மின்னைச் சட்டென நிறுத்திவிட்டு, அதிர்வு எவ்வளவு நேரத்தில் அடங்குகின்றது என்று பார்ப்பதே அது. கோயில் மணியை அடித்தால் நாதம் நீண்டு ஒலிக்கும். ஈரத்துணியைச் சுற்றி அடித்தால் உடனே அடங்கிவிடும். அவ்வாறே, விறைப்பான படலம் ஒட்டியிருந்தால் வில்லை நெடுநேரம் அதிரும். நீரேறிய மென்மையான படலமாயின் விரைவில் ஓயும். மீடிறனின் வீழ்ச்சியையும் ஓயும் நேரத்தையும் ஒருங்கே அளந்து, ஒட்டிய படலம் இறுக்கமானதா, நீர் ததும்பிக் குழைந்ததா என்பதை இப்போது கணித்து விடுகின்றார்கள்.