காலைக் கஞ்சிக்குப் போகும் முழுத்தானியச் சரக்கு

கம்பு, கேழ்வரகு, சாமை, தினை என்று கேட்டு வருபவர்கள் இப்போது நகரத்து மளிகைக் கடைகளிலும் அதிகம். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது நினைவிருக்கும். இன்று பல கடைகளில் இவற்றுக்கென்று தனித் தட்டே இருக்கிறது. பக்கத்தில் ஓட்ஸ், சம்பா கோதுமை ரவை, சத்துமாவு. காலையில் ஒரு கிண்ணம் சூடான கஞ்சி என்று வீட்டில் முடிவு செய்தவர்கள் "இதில் எது சத்து?" என்று முதலில் கேட்பது நம்மிடம்தான். வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினால் வாடிக்கை போவது ஒருபுறம். வாங்கியவர் சர்க்கரை நோயாளியாக இருந்தால் தொல்லை அவருக்கு.

தானியத்தின் மேல் உமியை நீக்கிய பிறகு உள்ளே மூன்று பகுதிகள் இருக்கின்றன: தவிடு, முளை, நடுவிலுள்ள மாவு. நார்ச்சத்து, இரும்பு, பி வகை வைட்டமின்கள் ஆகியவற்றில் பெரும்பங்கு தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. மாவுப் பகுதியில் இருப்பது பெரும்பாலும் ஸ்டார்ச். இம்மூன்றும் சேர்ந்திருந்தால்தான் முழுத்தானியம்.

இதை வைத்து நம் சரக்கைப் பார்ப்போம். உப்புமாவுக்குப் போகும் வெள்ளை ரவை முழுத்தானியம் அல்ல. கோதுமையின் தவிடும் முளையும் மில்லிலேயே பிரிந்துவிடுகின்றன. தவிட்டோடு உடைத்த சம்பா கோதுமை ரவை முழுத்தானியம். கேழ்வரகு மிகச் சிறிய மணி; தோலைத் தனியே எடுப்பது கடினம் என்பதால் முழுதாகவே அரைபடுகிறது. ஆனால் நைசாக வேண்டுமென்று சலித்துத் தள்ளும் கப்பியோடு நார்ச்சத்தும் போய்விடுகிறது. ஏமாற்றம் அதிகம் நடப்பது சாமை, தினை, வரகில்தான். அரிசியைப் போலவே இவற்றையும் பாலிஷ் போடுகிறார்கள். பளிச்சென்று வெளுத்த சாமையைப் பார்த்து வாடிக்கையாளர் மகிழலாம். வாங்கும் நாம் மங்கலான நிறமுள்ள, தவிடு நீக்காத சரக்கைக் கேட்டு வாங்க வேண்டும். பாலிஷ் போட்ட சாமையைச் சிறுதானியம் என்று விற்பதில் பொய் இல்லை; முழுத்தானியம் என்று விற்றால் பொய்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் கம்பிலும் கேழ்வரகிலும் நார்ச்சத்து சுமார் 11 கிராம். தீட்டிய பச்சரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 350 மில்லிகிராமுக்கு மேல். அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. ஒருவர் கஞ்சிக்கு 40 கிராம் கேழ்வரகு மாவு போட்டால் சுமார் 140 மில்லிகிராம் சுண்ணாம்பு கிண்ணத்தில் சேரும். அத்தனையும் உடலில் ஒட்டாது என்பதும் உண்மை. தானியத்திலுள்ள பைட்டிக் அமிலம் சுண்ணாம்பையும் இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டினாலும் புளிக்க வைத்தாலும் அந்தப் பிடி தளரும். இரவே கரைத்து வைத்து மறுநாள் கூழ் காய்ச்சிய நம் பாட்டிமார் முறைக்கு இப்படி ஒரு பலன் இருக்கிறது. முளைகட்டிய கேழ்வரகு மாவுக்குக் கூடுதல் விலை கேட்பவரிடம் இந்தக் காரணத்தைத் தாராளமாகச் சொல்லலாம்.

ஓட்ஸின் பெருமை பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து. கஞ்சி கொழகொழப்பாவது அதனால்தான். கொழுப்புச் சத்து குறைந்த உணவோடு நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் சேர்த்துக்கொண்டால் இதயநோய் அபாயம் குறையலாம் என்று ஓட்ஸ் பொட்டலத்தில் அச்சிட அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997-இல் அனுமதி கொடுத்தது. அந்த 3 கிராமுக்கு 60 முதல் 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். இரண்டு ஸ்பூன் போட்டுக் குடித்தால் போதாது. தடித்த அவல் போன்ற ஓட்ஸைவிட, வெந்நீர் ஊற்றியதும் கரையும் ரகம் இரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றும். மசாலா ரகங்களில் உப்பும், பழச்சுவை ரகங்களில் சர்க்கரையும் சேர்ந்திருக்கும். பொட்டலத்தில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுத வேண்டும் என்பது சட்டம். சத்துமாவுக்கும் இதே சோதனைதான்: முதல் இரண்டு பெயர்களைப் படித்தால் சங்கதி தெரிந்துவிடும்.

'சர்க்கரை நோய் குணமாகும்' என்று அட்டை எழுதித் தொங்கவிடும் பழக்கம் நம்மில் சிலரிடம் இருக்கிறது. உணவுப் பொருளை நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன. விதி கிடக்கட்டும், கம்பிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான். நார்ச்சத்து கூடுதல் என்பதால் வயிறு நிறையும், சர்க்கரை மெதுவாக ஏறும். கடையில் சொன்னார்கள் என்று மாத்திரையை நிறுத்துபவரும் உண்டு. மாத்திரை விஷயத்தை டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்வதால் நம் வியாபாரம் குறையாது.

இனி நம் கைக்காசு சம்பந்தப்பட்டது. சத்து இருக்கும் முளையில்தான் எண்ணெயும் இருக்கிறது. 100 கிராம் கம்பில் கொழுப்பு 5 கிராம் அளவு. அரிசியில் 1 கிராம்கூட இல்லை. கம்பை அரைத்ததும் அந்த எண்ணெய் காற்றுப் பட்டுக் கெடத் தொடங்கும். சில நாட்களிலேயே சிக்கு வாடையும் கசப்பும் வந்துவிடும். ஓட்ஸ் மாதக்கணக்கில் தாங்குகிறதே என்றால், அதை ஆலையிலேயே ஆவியில் வேகவைத்து, எண்ணெயைக் கெடுக்கும் நொதியை அழித்துவிடுகிறார்கள். ஆகவே கம்பைத் தானியமாகவே இருப்பு வையுங்கள். மாவு கேட்பவருக்குப் பக்கத்து மில்லில் வாரம் ஒருமுறை அளவாக அரைத்து, அரைத்த தேதியை ஒட்டி, அரைக்கிலோப் பொட்டலமாகக் கொடுங்கள். முந்திரி, நிலக்கடலை சேர்ந்த சத்துமாவுக்கும் இதே கணக்குதான். புதுச் சரக்கைப் பின்னால் அடுக்கி, பழையதை முன்னால் நகர்த்துங்கள். சோப்பு, பினாயில் அடுக்கிய தட்டுக்குப் பக்கத்தில் எந்த மாவும் வேண்டாம், வாடையை இழுத்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகை நாக்கில் போட்டுப் பாருங்கள். கசந்தால் அது மாட்டுத் தீவனத்துக்குத்தான்.